கேரக்டர் திருந்தினா உங்களுக்கு என்ன கஷ்டம்? புது நாவல்கள் பத்தி என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நாவல் படிக்கிற நண்பர்களோட பேச்சு எங்க ஆரம்பிச்சாலும் கடைசில இந்த இடத்துலதான் வந்து நிக்குது. "உனக்கு எந்த கேரக்டரும் பிடிக்காது, யார் மாறினாலும் குத்தம் சொல்லுவ"ன்னு ஒரு பேரு வேற வாங்கியாச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சண்டை போட்டு தொண்டை போனதுதான் மிச்சம், அதனால திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு உக்காந்துட்டேன்.

முதல்ல கேரக்டர் ஆர்க்னா என்னன்னு சொல்லிடுங்க

கதை ஆரம்பிக்கும்போது ஒரு ஆள் எப்டி இருந்தான், முடியும்போது எப்டி ஆயிட்டான், நடுவுல எந்த வழியா வந்தான். அவ்ளோதான். பாத்திர வளர்ச்சின்னு தமிழ்ல சொல்றோம், ஆனா வளர்ச்சிங்கிற வார்த்தை கொஞ்சம் மாட்டி விட்டுடும், ஏன்னா சில பேர் கதைல தேயத்தான் செய்வாங்க, அதுவும் ஆர்க்தான்.

சரி, உங்களுக்கு உண்மைல என்னதான் பிரச்சனை?

ஒரு உதாரணம் சொல்றேன், பேரு வேண்டாம். போன வருஷம் ஒரு புது நாவல் படிச்சேன். இருபது வருஷமா மகளோட பேசாத ஒரு அம்மா. முந்நூறு பக்கத்துக்கு அந்தக் கோவத்தை அவ்ளோ அழகா கட்டி எழுப்பியிருந்தாங்க, அவ கதவைச் சாத்துற விதத்துலயே அந்த வைராக்கியம் தெரியும். அப்றம் ஒரு லெட்டர் வருது. படிக்கிறா, அழறா, நாலு பக்கத்துக்கு ஒரு டயலாக் பேசறா, "எனக்கு உன் மேல கோவம் இல்ல, என் அம்மா என்னை நடத்தின விதத்தைத்தான் நான் உன்கிட்ட காட்டிட்டேன்"ங்கற மாதிரி. முடிஞ்சது. அடுத்த அத்தியாயத்துல ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சிரிச்சுட்டு இருக்காங்க. நான் புத்தகத்தை மூடி கட்டிலுக்கு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டேன்.

அவ மன்னிச்சதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல, மன்னிக்கட்டும். இருபது வருஷ வைராக்கியத்தை விட்டுக் குடுக்கறவளுக்கு ஏதோ ஒண்ணு கையை விட்டுப் போகணும் இல்லையா, அந்தக் கோவத்தை வச்சுத்தானே அவ இத்தனை நாள் நிமிர்ந்து நின்னா? அது போனதுக்கு அப்றம் அவ வெறும் ஆளா நிக்கற ஒரு காட்சியாவது வேணும். அது இல்லாம நேரா சிரிப்புக்குப் போனா, அந்த முந்நூறு பக்கமும் சும்மா பில்டப்புன்னு ஆயிடுது. இப்ப வர்ற நாவல்கள்ல எனக்கு இருக்கற மனக்குறை பெரும்பாலும் இதுதான். மாறுறாங்க, ஆனா அந்த மாற்றத்துக்கு யாரும் எதையும் குடுக்க மாட்டேங்கறாங்க.

(இந்த அம்மா விஷயத்துக்கு கடைசில திரும்ப வருவேன், அங்க நான் கொஞ்சம் அசடு வழியணும்.)

அப்போ படிக்கும்போது நீங்க அழவே இல்லையா?

அழுதேன். அதான் கடுப்பே.

சின்ன வயசுல நடந்த ஒரு கொடுமைய வச்சு கேரக்டரை விளக்கறது தப்பா?

தப்புன்னு சொல்ல முடியாது, நிஜ வாழ்க்கைலயும் மனுஷங்களுக்கு அப்டித்தான் காயம் படுது. ஆனா இது ஒரு சாவி மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தன் ஏன் குடிக்கிறான், ஏன் பொய் சொல்றான், ஏன் கல்யாணம் பண்ணிக்க மாட்டேங்கறான், எல்லாத்துக்கும் இருநூத்தி ஐம்பதாவது பக்கத்துல ஒரு ஃப்ளாஷ்பேக் திறக்கும், அதோட கணக்கு முடிஞ்சுது. பருல் சேகல்னு ஒரு விமர்சகர், 2021 கடைசில நியூயார்க்கர் பத்திரிகைல இதைப் பத்தி ஒரு கட்டுரை எழுதினாங்க, ட்ராமா ப்ளாட்டுக்கு (பழைய மனக்காயத்தை வச்சே கட்டற கதைக்கு) எதிரான வழக்குங்கற மாதிரி தலைப்பு. அவங்க சொல்றது என்னன்னா, இந்த மாதிரி கதைல ஆள் காணாமப் போயி நோயோட அறிகுறிகள் மட்டும் மிஞ்சுது. அதைப் படிச்சப்ப ரொம்ப நாளா நான் வார்த்தை தேடிட்டு இருந்த விஷயத்தை யாரோ எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துச்சு.

எனக்கு அதுல இன்னொரு வருத்தமும் இருக்கு. காரணம் தெரிஞ்சதும் நாம அந்த ஆளைப் பத்தி யோசிக்கறதை நிறுத்திடறோம். நம்ம சித்தப்பா ஒருத்தர் முசுடா இருப்பார், ஏன்னு யாருக்கும் தெரியாது, முப்பது வருஷம் குடும்பமே அவரைப் பத்தி பேசும். காரணம் தெரிஞ்சிருந்தா ஒரு நாள் பேசிட்டு விட்டிருப்போம்.

அதே சமயம் இதையும் சொல்லியாகணும். முன்னாடி இந்த மாதிரி வலியைப் பத்தி எழுத இடமே இல்லாம இருந்த பல பேர் இப்ப எழுதறாங்க. அவங்ககிட்ட போய் "ஃப்ளாஷ்பேக் வேண்டாம்ங்க"ன்னு சொல்ற உரிமை எனக்கு எங்கருந்து வருதுன்னு நினைச்சா வாய் அடைச்சுடும். இந்த விஷயத்துல நான் ரெண்டு பக்கமும்தான் நிக்கறேன், எந்தப் பக்கம்னு கேட்டா சிரிச்சுட்டு நழுவிடுவேன்.

இந்த டெம்ப்ளேட் எங்கருந்து வந்துச்சு? எல்லா நாவலும் ஒரே மாதிரி தெரியுதே

பெரும்பங்கு சினிமாலருந்து. ப்ளேக் ஸ்னைடர்னு ஒரு ஹாலிவுட் திரைக்கதை ஆசிரியர் 2005ல "சேவ் த கேட்"னு ஒரு புத்தகம் போட்டார், ஒரு திரைக்கதையை பதினஞ்சு 'பீட்'டா, அதாவது கதைத் திருப்பங்களா பிரிச்சு, எந்த எடத்துல என்ன நடக்கணும்னு பக்கக் கணக்கோட குடுத்திருப்பார். 2018ல ஜெசிகா ப்ரோடிங்கறவங்க அதையே நாவலுக்கு மாத்தி ஒரு புத்தகம் எழுதினாங்க. இதோட "கேரக்டர் நம்பற பொய் என்ன, அவனுக்கு வேணும்னு நினைக்கறது என்ன, நிஜமா தேவைப்படறது என்ன"ங்கற கேள்விகளும் எழுத்துப் பட்டறைகள்ல சொல்லிக் குடுக்கறது. கேள்விகள் நல்ல கேள்விகள்தான். எழுத உக்காந்தவனுக்கு நடுவுல மாட்டிக்கிட்டா வண்டியைத் தள்ளி விட உதவும். ஆனா வாசிக்கறவன் அம்பதாவது பக்கத்துலயே "ஓ, இவளோட பொய் இதுவா, அப்போ முக்கால்வாசில எல்லாம் இடிஞ்சு விழும், கடைசில சரியாயிடும்"னு கணக்குப் போட ஆரம்பிச்சுட்டான்னா, கதை போற பாதை முன்னாடியே தெரிஞ்ச பஸ்ல உக்காந்த மாதிரிதான்.

பழைய நாவல்லாம் ஒழுங்கா இருந்துச்சா என்ன? பழசுன்னா உங்களுக்கு ஒரு பாசம்

பாசம் இருக்கு, மறைக்கல. ஆனா பழசுலயும் தில்லாலங்கடி உண்டு. டிக்கன்ஸோட "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" 1861ல தொடரா முடிஞ்சது. அதுக்கு அவர் முதல்ல எழுதின முடிவுல கதாநாயகன் பிப்பும் அவன் காதலிக்கற எஸ்டெல்லாவும் பிரிஞ்சுதான் போவாங்க. புல்வர் லிட்டன்னு நாவலாசிரிய நண்பர் ஒருத்தர் மாத்தச் சொன்னார், டிக்கன்ஸும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே மாத்திட்டார், ரெண்டு பேரும் சேரலாம்ங்கற மாதிரி ஒரு வெளிச்சத்தோட கதை முடியுது. இன்னிக்கு வரைக்கும் எந்த முடிவு சரின்னு சண்டை ஓயல. ஆக, வாசகனைக் குஷிப்படுத்த கேரக்டரோட தலையெழுத்தை மாத்தறது ஒண்ணும் நேத்து முளைச்ச பழக்கம் இல்ல.

நம்ம பக்கம் பாத்தா ஜெயகாந்தன். 1966ல "அக்னிப் பிரவேசம்" சிறுகதை வருது, மழைல பஸ்ஸுக்கு நிக்கற காலேஜ் பொண்ணு, கார்ல வந்து அவளைக் கெடுத்துட்டுப் போற ஒருத்தன், வீட்டுக்கு வந்ததும் அம்மா அவ தலைல தண்ணி ஊத்தி நீ சுத்தம்னு ஏத்துக்கறா. அதுக்குப் பெரிய சர்ச்சை. அப்றம் அவரே "சில நேரங்களில் சில மனிதர்கள்" எழுதறார், அதுல அந்த அம்மா அப்டி ஏத்துக்காம ஊரைக் கூட்டி அழுதிருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாக்கறார். அதே பொண்ணுதான், அந்த ஒரு நிமிஷம் மட்டும்தான் வேற, ஆனா கங்கா முழுசா வேற ஆளா வந்து நிக்கறா. படிச்சு, வேலைக்குப் போயி, யாரையும் கிட்ட விடாம, கடைசில அந்த ஆளையே தேடிப் போற கங்கா. எனக்கு ஆர்க்னா இதுதான். அவ எடுக்கற ஒவ்வொரு முடிவுக்கும் பின்னாடி அந்தத் தண்ணி ஊத்தாத ராத்திரி நிக்குது, ஆனா அதையே சாவியா வச்சு அவளைப் பூட்டித் திறக்க முடியல, அதைத் தாண்டியும் அவகிட்ட ஏதோ மிச்சம் இருக்கு.

வில்லன் திருந்தற ஆர்க் பத்தி?

பிடிக்கும், ரொம்பவே. ஆனா வில்லனைப் புரிஞ்சுக்க வைக்கறதும் வில்லனுக்கு சப்பைக்கட்டு கட்டறதும் ஒண்ணு கிடையாது, இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற கோடுதான் இப்ப அழிஞ்சு போயிட்டு வருது. ஜார்ஜ் மார்ட்டினோட "சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்" தொடர் எடுத்துக்கங்க. 1996ல வந்த முதல் பாகத்துல ஜேமி லானிஸ்டர் ஒரு சின்னப் பையனை ஜன்னல்லருந்து தள்ளி விடறான். 2000ல வந்த மூணாவது பாகத்துலதான் அவன் மனசுக்குள்ள நம்மள விடறாங்க, காவல் காக்க வேண்டிய ராஜாவையே அவன் ஏன் கொன்னான்னு அப்பத்தான் தெரியுது. நமக்கு அவன் மேல இரக்கமே வந்துடுது. ஆனா அந்தப் பையனோட கால் திரும்ப வரல, அதைக் கதை மறக்கவும் விடல. இரக்கமும் வருது, குத்தமும் அப்டியே இருக்கு, ரெண்டையும் நாமதான் சுமக்கணும். 2011ல அஞ்சாவது பாகம் வந்ததுக்கு அப்றம் வாசகர்கள் வருஷக்கணக்கா காத்துட்டு இருக்காங்க, அவன் திருந்தினானா இல்லையான்னே முடிவு தெரியாம. எனக்கென்னவோ அந்த முடியாத நிலைதான் அவனுக்குப் பொருத்தம்னு தோணுது, மத்தவங்க அடிக்க வருவாங்க.

புது நாவல்கள் சிலதுல அந்தப் பையன் மாதிரி ஆட்கள் பாதி வழில காணாமப் போயிடறாங்க. திருந்தறவனோட கண்ணீருக்கு இருபது பக்கம், அவனால கெட்டவங்களுக்கு ஒரு வரி. மன்னிக்க வேண்டியவங்க மன்னிச்சாங்களான்னு யாரும் கேக்கறதே இல்ல.

மாறாத கேரக்டர்னா போர் அடிக்காதா?

ஷெர்லாக் ஹோம்ஸ் 1887லருந்து 1927 வரைக்கும் நாலு நாவல், அம்பத்தாறு கதைல வந்தார், பெருசா என்ன மாறினார்? யாருக்கு போர் அடிச்சுது? கோனன் டாயில் தானே அலுத்துப் போயி 1893ல கொன்னே போட்டார், வாசகர்கள் விடல, 1903ல உயிரோட கொண்டு வர வேண்டியதாப் போச்சு.

இது துப்பறியும் கதை, அது வேறம்பீங்க. சரி, ஜி. நாகராஜனோட "நாளை மற்றுமொரு நாளே" இருக்கு, கந்தனோட ஒரே ஒரு நாள்தான் கதை. அவன் காலைல எழுந்திரிக்கும்போது எப்டியோ ராத்திரியும் கிட்டத்தட்ட அப்டித்தான். திருந்தல, புரிஞ்சுக்கல, பாடம் கத்துக்கல. தலைப்புலயே அதைச் சொல்லிடறார் மனுஷன். மாறினது நான்தான், கந்தன் மாதிரி ஒருத்தனை ரோட்டுல பாத்தா முன்னாடி பாத்த மாதிரி இப்ப பாக்க முடியல.

ஈ. எம். ஃபார்ஸ்டர்ங்கற ஆங்கில நாவலாசிரியர் 1927ல நாவல் பத்தி கேம்ப்ரிட்ஜ்ல பேசின உரைகள்லதான் தட்டையான பாத்திரம் (ஒரே குணத்துல அடங்கிடறவங்க), உருண்டையான பாத்திரம் (பல பக்கம் இருக்கறவங்க)னு பிரிச்சார். பலரும் அதைத் தட்டைன்னா மட்டம், உருண்டைன்னா உசத்தின்னு மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. அவர் அப்டிச் சொல்லல, தட்டையான ஆட்களும் நாவலுக்கு வேணும்னுதான் சொன்னார். உருண்டையான ஆளுக்கு அவர் வச்ச சோதனை ரொம்ப எளிசு: நம்பற மாதிரி நம்மள ஆச்சரியப்படுத்தணும். பின்னாடி வந்தவங்க ஆச்சரியத்தை மட்டும் எடுத்துக்கிட்டு நம்பறதை விட்டுட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பெண் கேரக்டர்களுக்கு இப்ப நல்ல ஆர்க் வருதுதானே?

வருது, அதுல சந்தோஷம். முன்னாடி ஹீரோவோட மாற்றத்துக்கு ஒரு சாக்கா சாகறதுக்குன்னே பொண்ணுங்களை வச்சிருப்பாங்க, அந்தக் கொடுமை குறைஞ்சிருக்கு. ஆனா இப்ப வேற ஒரு அச்சு வந்தாச்சு: அடங்கி இருந்தா, ஒரு நாள் வெடிச்சா, பெட்டியைத் தூக்கிட்டு கிளம்பினா, சுபம். கிளம்பினதுக்கு அடுத்த நாள் என்ன ஆச்சுன்னு எழுதறவங்க கம்மி.

ஹான் காங் எழுதின "த வெஜிடேரியன்" (கொரிய மொழில 2007, அவங்களுக்கு 2024ல நோபல் கெடச்சது) இந்த விஷயத்துல எனக்கு ஒரு அதிர்ச்சி. யோங்ஹே திடீர்னு கறி சாப்பிடறதை நிறுத்திடறா. மூணு பகுதி: புருஷன், அக்கா புருஷன், அக்கா, இவங்க கண்ணு வழியாத்தான் அவளைப் பாக்கறோம். நடுவுல சில கனவுத் துண்டுகளைத் தவிர அவ மனசுக்குள்ள நமக்கு அனுமதியே இல்ல. அவ மாறிட்டே போறா, சுத்தி இருக்கறவங்களுக்கு அது புரியவே இல்ல, நமக்கும் முழுசாப் புரியல. முதல் தடவை படிச்சப்ப எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு, ஏன்டா சொல்ல மாட்டேங்கறீங்கன்னு. ரெண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறைச்சுது, அவளை விளக்கச் சொல்லிக் கேக்கற நானும் அந்தக் குடும்பத்துல ஒருத்தனாத்தான் நிக்கறேன்னு.

முடிவைச் சொல்லாம விட்டுடற நாவல்கள் பத்தி?

மூடைப் பொறுத்தது. சில சமயம் அது தைரியம், சில சமயம் சோம்பேறித்தனம், வெளிலருந்து பாத்தா ரெண்டும் ஒரே சட்டைதான் போட்டிருக்கும்.

கல்கி "பொன்னியின் செல்வன்" தொடரை 1954ல முடிச்சப்பவே, அப்றம் அவங்களுக்கு என்ன ஆச்சு இவங்களுக்கு என்ன ஆச்சுன்னு வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு முடிவுரைல பதில் சொல்ல வேண்டி வந்துச்சு. நாம பரம்பரையா அப்டித்தான், விட மாட்டோம். பெருமாள்முருகன் இதுக்கு ஒரு வேலை பண்ணினார் பாருங்க. 2010ல வந்த "மாதொருபாகன்", பொன்னாவோட புருஷன் காளி என்ன ஆவான்னு தெரியாத இடத்துல நின்னுடும். அப்றம் 2014ல ரெண்டு நாவல், "ஆலவாயன்", "அர்த்தநாரி". ஒண்ணுல காளி செத்துட்டான், இன்னொண்ணுல பொழச்சுட்டான். ரெண்டுலயும் பொன்னா தனித்தனியா ஒவ்வொரு வாழ்க்கையை வாழ வேண்டியிருக்கு. நான் ரெண்டையும் அடுத்தடுத்து படிச்சுட்டு ரொம்பக் குழம்பிட்டேன், எது நிஜம்னு மனசு ஒண்ணைத் தேர்ந்தெடுக்கப் பாக்குது, ஆனா ஒண்ணை எடுத்தா இன்னொரு பொன்னாவுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. ஒரே ஆளுக்கு ஒரே ஆர்க்தான் இருக்கணும்ங்கற நம்பிக்கையே எனக்கு அதோட ஆட்டம் கண்டுடுச்சு.

சமீபத்துல முழுசாப் பிடிச்ச ஆர்க் ஒண்ணு சொல்லுங்க, குறை மட்டுமே சொல்லாம

எலெனா ஃபெர்ரான்டேயோட நேப்பிள்ஸ் நாவல்கள், 2011லருந்து 2014 வரை நாலு பாகம். லெனு, லீலான்னு ரெண்டு தோழிகள், சின்னப் புள்ளைலருந்து அறுபது வயசு தாண்டற வரைக்கும். அதுல மாற்றம்ங்கறது ஒரு காட்சில நடக்கறதே இல்ல. லெனு படிச்சு, ஊரை விட்டுப் போயி, எழுத்தாளர் ஆயி, எல்லாம் ஆனதுக்கு அப்றமும் லீலா ஒரு வார்த்தை சொன்னா அப்டியே எட்டு வயசுப் புள்ளையா சுருங்கிடறா. முன்னாடி போறா, வழுக்கறா, மறுபடி போறா. பொறாமை கடைசி வரைக்கும் போகல, பாசமும் போகல. நாலு பாகம் எடுத்துக்கிட்டதால முடிஞ்சுது, முந்நூறு பக்க நாவல்ல இதைக் கேக்கறது அநியாயம்னு எனக்கும் தெரியும்.

உங்களுக்கு கேரக்டர் நல்லவங்களா இருக்கணுமா?

இல்ல. போர் அடிக்காம இருந்தாப் போதும்.

நீங்க சொல்றது தப்பா இருந்தா? அவசரமாப் படிச்சுட்டு எழுத்தாளரைக் குறை சொல்றீங்களோ?

இதைத்தான் முதல்லயே சொன்னேன், அசடு வழியணும்னு. அந்த அம்மா மகள் நாவலை ஒரு தோழிகிட்ட வாய்க்கு வந்தபடி திட்டிட்டு இருந்தேன், திடீர்னு மன்னிச்சுட்டா, ஒரு முன்தயாரிப்பும் இல்லன்னு. அவ பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டு "அவ சாப்பிட உக்காரும்போதெல்லாம் ரெண்டு தட்டு எடுத்து வைப்பாளே, அதை நீ கவனிக்கலயா?"ன்னு கேட்டா. எனக்கு ஞாபகமே இல்ல. வீட்டுக்கு வந்து எடுத்துப் பாத்தா, முதல் அத்தியாயத்துலயே இருக்கு. தனியா இருக்கற பொம்பளை, ரெண்டு தட்டு எடுக்கறா, ஒண்ணைத் திரும்ப வைக்கறா. ஒரே ஒரு வாக்கியம், அதுல ஒரு விளக்கமும் இல்ல. அப்டி அஞ்சு இடம். கடைசியா வர்ற இடத்துல அந்த ரெண்டாவது தட்டைத் திரும்ப வைக்காம மேஜை மேலயே விட்டுடறா, அது லெட்டர் வர்றதுக்கும் முன்னாடி. ஆக அவ மனசு எப்பவோ இளகிடுச்சு, எழுத்தாளர் அதை நம்ம கண்ணு முன்னாடியே வச்சுட்டுப் போயிருக்காங்க, நான்தான் அடுத்து என்னன்னு ஓடற அவசரத்துல தாண்டிப் போயிருக்கேன். அவ எதைக் குடுத்தான்னு கேட்டேனே, அந்த அஞ்சு இடத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா அதைத்தான் குடுத்துட்டு இருந்திருக்கா.

தோழிக்கு ஃபோன் போட்டு நான் பேசினது தப்புன்னு ஒத்துக்கிட்டேன். அதோட விட்டிருக்கலாம், ஆனா கேக்காம இருக்க முடியல: தட்டே எல்லாத்தையும் சொல்லிடுச்சுன்னா அந்த நாலு பக்க டயலாக் எதுக்கு? அவளுக்கும் தெரியல. "எடிட்டர் கேட்டிருப்பாங்க"ன்னா. இருக்கலாம், இல்ல என்னை மாதிரி தட்டைக் கவனிக்காத ஆளுங்களுக்காக எழுதியிருக்கலாம். நாவலை இப்ப மூணாவது தடவை படிச்சுட்டு இருக்கேன், தட்டு வர்ற இடத்துல எல்லாம் பென்சில்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், அந்த நாலு பக்கத்தை மட்டும் இப்பவும் புரட்டித் தாண்டிடறேன்.